இரண்டடிக் குழாய்க்குள் இருபது நிமிடம்

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது குத்தாலம். நோய் தீர வேண்டும் என்று ஒரு காலத்தில் இந்த ஊரைத் தேடி வந்தார்கள். திருத்துருத்தி என்ற பழைய பெயரோடு தேவாரத்தில் இடம்பெற்ற இந்த ஊரின் குளத்தில் முழுகித்தான் சுந்தரர் உடற்பிணி நீங்கப்பெற்றார் என்கிறது பெரியபுராணம். இன்று பயணம் எதிர்த் திசையில் நடக்கிறது. முதுகுவலி, தலைசுற்றல், கைகால் மரத்துப்போவது என்று டாக்டரிடம் காட்டுகிற குத்தாலத்துக்காரர், கையில் ஒரு சீட்டோடு மயிலாடுதுறைக்கோ கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறுகிறார். சீட்டில் எம்.ஆர்.ஐ. என்று எழுதியிருக்கும்.

அந்த எந்திரத்துக்கும் குத்தாலத்துக்கும் மண்ணுக்கடியில் ஓர் உறவு இருக்கிறது. இந்தப் பகுதி வயல்களுக்கு அடியிலிருந்து ஓ.என்.ஜி.சி. எடுக்கும் இயற்கை எரிவாயுவில் ஹீலியம் கலந்திருக்கிறது. பூமிக்குள் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து வெளியிட்ட ஆல்ஃபா துகள்கள்தான் ஹீலியமாகிப் பாறையிடுக்குகளில் தங்கியிருக்கின்றன. அளவு மிகச் சொற்பம்; ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இருந்தும் 2000-களில், அணுசக்தித் துறையைச் சேர்ந்த கொல்கத்தா விஞ்ஞானிகள் குத்தாலம் எரிவாயுச் சேகரிப்பு நிலையத்தில் ஒரு சோதனை ஆலையை நிறுவி அந்தச் சொற்பத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மீத்தேனையும் நைட்ரஜனையும் அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும் பொருட்களின் வழியே வாயுவைச் செலுத்தினால், எதோடும் ஒட்டாத ஹீலியம் மட்டும் நழுவி மறுபக்கம் வந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம், இந்தியா தனக்கு வேண்டிய ஹீலியத்தை ஏறத்தாழ முழுவதுமாக வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது என்பதுதான். ஹீலியத்தைப் பெருமளவில் குடிப்பவற்றுள் ஒன்று எம்.ஆர்.ஐ. எந்திரம். படுத்திருப்பவரின் மூக்குக்கு நேர் மேலே, பிளாஸ்டிக் சுவருக்கு அப்பால், திரவ ஹீலியத்தில் ஒரு காந்தச் சுருள் மூழ்கிக் கிடக்கிறது. அந்தக் காந்தத்தால்தான் குழாய் குறுகலாக இருக்கிறது. குழாய் குறுகலாக இருப்பதால்தான் ஆயிரக்கணக்கானோர் பாதியிலேயே கத்திக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

காந்தம் கேட்கும் விலை

நம் உடலில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்கள். வலுவான காந்தப்புலத்தில் உடலை வைத்து, ரேடியோ அலை ஒன்றை அனுப்பி நிறுத்தினால், அந்த அணுக்கருக்கள் பதிலுக்கு மெல்லிய சைகை ஒன்றைத் தரும். கொழுப்பிலிருந்து வரும் சைகை வேறு, தண்ணீரிலிருந்து வருவது வேறு, கட்டியிலிருந்து வருவது வேறு. அவற்றைக் கணினி படமாக்குகிறது. எக்ஸ்-கதிர் இல்லை, கதிர்வீச்சு ஆபத்தும் இல்லை.

ஆனால் சைகை மிக மெல்லியது. அதைக் கேட்க, வழக்கமான எந்திரங்களில் 1.5 டெஸ்லா அளவுக்குப் புலம் வேண்டும். தமிழ்நாட்டில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தைவிட இது 30,000 மடங்குக்கும் மேல். இந்த வலுவைத் தர நையோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளை மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பி மின்தடையை இழக்கிறது. ஒருமுறை ஏற்றிய மின்சாரம் வருடக்கணக்கில் தானே சுற்றிக்கொண்டிருக்கும். ஊரில் கரண்ட் போனாலும் காந்தம் அணையாது.

வலு மட்டும் போதாது. படம் எடுக்கும் பகுதி முழுக்கப் புலம் ஒரே சீராக இருக்க வேண்டும். வேறுபாடு பத்து லட்சத்தில் சில பங்குக்குள் அடங்க வேண்டும். சுருள் உடலை நெருங்கிச் சூழ்ந்திருந்தால் இந்தச் சீரை எட்டுவது எளிது, செலவும் குறைவு. அதனால்தான் நெடுங்காலம் குழாயின் விட்டம் 60 சென்டிமீட்டராக, ஏறக்குறைய இரண்டடியாக, இருந்தது. இந்த நூற்றாண்டில் 70 சென்டிமீட்டர் எந்திரங்கள் பரவின. தலையைப் படமெடுக்கும்போது முகத்தின் மேல் கூண்டு போன்ற ஒரு கருவியும் கவிழும். அப்போது கண்ணுக்கும் அடுத்த பொருளுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு சாண் கூட இருக்காது.

சத்தத்துக்கும் காந்தமே காரணம். படத்தின் எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று அறியக் கூடுதல் சுருள்களில் மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். வலுவான புலத்துக்குள் மின்சாரம் மாறும்போது சுருள் அதிர்கிறது. அதுதான் டக் டக் என்று தொடங்கி, சுவரைத் துளைக்கும் எந்திரம்போல் 100 டெசிபலைத் தாண்டும் ஓசை. ரேடியோ அலைகள் உடலைக் கொஞ்சம் சூடாக்கவும் செய்யும். இந்த வெதுவெதுப்பை முன்னரே அறியாதவர், ‘உள்ளே காற்றில்லை, புழுங்குகிறது’ என்று எடுத்துக்கொள்வார்.

1977-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் முதன்முதலாக முழு மனித உடல் ஒன்றை இவ்வகையில் படமெடுக்க முயன்றார் மருத்துவர் ரேமண்ட் டமேடியன். முதலில் தாமே உள்ளே அமர்ந்தார், சைகை கிடைக்கவில்லை. தம் பருமன்தான் தடை என்று நினைத்தார். பிறகு ஜூலை 3-ஆம் தேதி ஒல்லியான மாணவர் லேரி மின்காஃப் உள்ளே அமர்ந்து, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அசையாமல் இருந்தார். கிடைத்தது மார்பின் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம். இன்று முதுகெலும்பு முழுக்க இருபது, முப்பது நிமிடத்தில் முடிகிறது. ஆனால் மின்காஃபுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். சீட்டோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது.

இரண்டு பயங்கள்

அடைபட்ட இடத்தைக் கண்டு அஞ்சுவதை ஒற்றைப் பயமாக நினைத்துவிடுகிறோம். கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் இதைப் பிரித்துப் பார்த்தார். 1990-களில் அவரும் சக ஆய்வாளர்களும் கண்டது, இதற்குள் இரண்டு பயங்கள் இருக்கின்றன என்பதை. ஒன்று மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம். மற்றது கட்டுண்டுவிட்டோம், நினைத்தபோது வெளியேற முடியாது என்ற பயம். 2001-இல் இவர்கள் குழு வெளியிட்ட 26 கேள்விகள் கொண்ட அளவுகோலில் 14 கேள்விகள் மூச்சைப் பற்றியவை; 12 கட்டுப்படுவதைப் பற்றியவை.

ஸ்கேன் அறையில் இந்த இரண்டையும் காதால் கேட்கலாம். “மூச்சு முட்டுது, எடுத்துடுங்க” என்பார் ஒருவர். “கையைக் காலைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு” என்பார் இன்னொருவர். முதலாமவருக்கு முகத்தில் காற்று படுவது உதவும். இரண்டாமவருக்கு அதனால் பெரிய பயன் இராது. ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்ற உறுதிதான் அவருக்கு மருந்து. யாருக்கு எது என்று கேட்காமல் இருவருக்கும் “பயப்படாதீங்க” என்று ஒரே சொல்லைச் சொல்கிறோம்.

இந்தப் பயத்துக்கு அறிவுக்குறைவோ மனவலுக் குறைவோ காரணம் இல்லை. நம்மைச் சுற்றிக் கை எட்டும் தூரத்தை மூளை தனி இடமாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. அதற்குள் எது நுழைந்தாலும் உடல் விழித்துக்கொள்ளும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஸ்டெல்லா லொரென்கோவும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அடைபட்ட இடத்துக்கு அதிகம் அஞ்சுவோருக்கு இந்தத் தனி இடத்தின் எல்லை மற்றவர்களைவிட அதிகத் தூரம் நீண்டிருப்பதைக் கண்டார்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்குப் போதுமென்று தோன்றும் இடம், அவர்களுக்கு அத்துமீறலாகத் தெரிகிறது. பலருக்கு இளம்வயது அனுபவம் ஒன்றும் பின்னணியில் இருக்கும். கண்ணாமூச்சி ஆடும்போது பத்தாயத்துக்குள் ஒளிந்து, மேலே பலகை விழுந்து மூடிக்கொண்ட குழந்தைக்கு அந்தச் சில நிமிடம் ஐம்பது வயதிலும் உடலில் தங்கியிருக்கக்கூடும்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் 55,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். பழைய வகை எந்திரத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் சிக்கல் வந்தது. நீளம் குறைந்த, சத்தம் குறைந்த எந்திரத்தில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அப்படியானால் இடத்தை விரித்துவிட்டால் போதுமா? அதே மருத்துவமனை 2011-இல் இன்னொரு சோதனை செய்தது. இந்த முறை, பயம் அதிகம் உள்ளவர்களையே தேர்ந்து, பாதிப் பேரை நீளம் குறைந்த குழாய்க்கும் மீதிப் பேரைப் பக்கவாட்டில் திறந்த எந்திரத்துக்கும் அனுப்பினார்கள். குழாயில் 39 சதவீதம் பேருக்குப் பயம் எழுந்தது. திறந்த எந்திரத்திலும் 26 சதவீதம் பேருக்கு எழுந்தது. அந்த வித்தியாசமும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய எல்லைக்குள்தான் இருந்தது. சுவரை அகற்றிய பிறகும் நான்கில் ஒருவர் அஞ்சுகிறார் என்றால், சுவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மூச்சு போடும் தப்புக் கணக்கு

மூச்சு வேண்டும் என்ற தவிப்பை ஆக்சிஜன் குறைவுதான் தூண்டுகிறது என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதைத்தான் மூளைத்தண்டு கவனிக்கிறது, ஏறினால் அலறுகிறது.

இந்த அலறல் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. மருத்துவ இலக்கியத்தில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் அமெரிக்கப் பெண் ஒருவருக்கு, அரிய மரபுநோயால் மூளையில் அச்சத்தின் மையமான அமிக்டலா இரு பக்கமும் அழிந்துவிட்டது. பாம்பைக் கையில் எடுப்பார். அச்சம் என்பதே அவருக்கு இல்லை என்று அதுவரை நினைத்தார்கள். 2013-இல் அயோவா ஆய்வாளர்கள், 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை அவரை ஒருமுறை இழுக்கச் செய்தார்கள். முகமூடியை நோக்கிக் கையை வீசி உதவிக்குக் குரல் கொடுத்தார். அதே குறைபாடுள்ள வேறு இருவரும் அப்படியே பதறினார்கள். மூச்சு முட்டும் பயத்துக்கு மூளையில் தனி வழி இருக்கிறது. “மனசைத் திடப்படுத்திக்க” என்ற அறிவுரை அந்த வழியைத் தொடுவதில்லை.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. இரு முனையும் திறந்திருக்கும். உள்ளே விசிறி காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். பயந்தவர் வேகவேகமாக மூச்சிழுக்கும்போது நடப்பது நேர்மாறானது. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் கூச்சம் எடுக்கிறது. நெஞ்சு இறுகுகிறது. இவற்றையெல்லாம் அவர் ‘மூச்சு போதவில்லை’ என்று படித்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுக்கிறார். காற்று நிறைந்த இடத்தில் மூச்சுத் திணறல் இப்படித்தான் உண்டாகிறது.

இந்தச் சுற்றை உடைக்க எளிய இடம் மூச்சை விடும் பக்கம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. விடும்போது வேகஸ் நரம்பின் பிடியில் தணிகிறது. ஆகவே நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கு வரும். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பழகாதவர்கள் ஸ்கேனுக்கு முந்தைய வாரம் தினமும் பத்து நிமிடம் செய்தால் போதும். இழுப்பு ஆழமாக இருக்கத் தேவையில்லை. விடுவது நீளமாக இருக்கட்டும்.

கட்டிலுக்கடியில் ஒத்திகை

பாதியில் எழுந்து வந்தவர் வெளியே வந்ததும் அடைகிற நிம்மதி மிகப் பெரியது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. ‘ஓடி வந்ததால் பிழைத்தோம்’ என்று மூளை பாடம் எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை குழாயைக் கண்டதும், அறை வாசலில் நிற்கும்போதே, பயம் முந்திக்கொள்ளும். பயம் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்குவதை இருந்து பார்த்தவருக்குத்தான் இந்தப் பாடம் அழியும். உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. உடலால் அந்த நிலையை நெடுநேரம் தாங்கிப் பிடிக்க முடியாது.

1958-இல் மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பே பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கவைக்கும் முறையை நூலாக எழுதினார். சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட், பயிற்சி பெற்றவர் உடனிருந்தால் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்விலேயே குறிப்பிட்ட பயங்களைப் பெரிதும் தணிக்க முடியும் என்று காட்டினார். 2001-இல் வந்த அவரது ஆய்வு அடைபட்ட இடப் பயத்தைப் பற்றியதே: ஒரே நீண்ட அமர்வு, ஐந்து அமர்வுகளுக்கு ஈடாகப் பயன் தந்தது.

மயிலாடுதுறைப் பக்கம் இதற்கென்று ஆள் தேடி அலைய முடியாதவர்கள் வீட்டுக் கட்டிலை வைத்து ஓரளவு செய்துகொள்ளலாம். தாழ்வான கட்டிலுக்கடியில் மல்லாந்து படுத்தால் முகத்துக்கும் பலகைக்கும் நடுவே கிட்டத்தட்ட குழாயின் இடைவெளிதான் இருக்கும். முதலில் தலைமட்டும் உள்ளே, பிறகு மார்புவரை, பிறகு இரு தோளுக்கும் பக்கத்தில் தலையணை. கைபேசியில் எம்.ஆர்.ஐ. ஓசையைப் போட்டுக்கொள்ளலாம், இணையத்தில் கிடைக்கிறது. பயம் உச்சத்தில் இருக்கும்போது வெளியே வராமல், பாதியாவது இறங்கிய பிறகு வர வேண்டும். இருபது நிமிடம் சலிப்போடு படுத்திருக்க முடிந்தால் ஒத்திகை முடிந்தது. இதயநோய் உள்ளவர்களும், இத்தகைய பதற்றம் வேறு சமயங்களிலும் திடீரென வருபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஊக்கு, பல்பு, ஒரு கை

ஸ்கேன் அறை வாசலில் பல பெண்களுக்கு முதல் அதிர்ச்சி குழாயல்ல; தாலியைக் கழற்றச் சொல்வது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிக் கயிற்றில் அவசரத்துக்கு உதவும் என்று கோத்துவைத்திருக்கும் ஊக்குகள் எஃகு. அரைஞாணில் உள்ள தாயத்து, கொண்டை ஊசி, கொக்கி எல்லாமும் சந்தேகத்துக்குரியவை. இழுக்கப்படாத உலோகமும் படத்தைக் கெடுக்கும், சூடாகும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போன ஒருவரைக் காந்தம் சிலிண்டரோடு இழுத்ததில் அவர் இறந்தார். கட்டுப்பாடு அநாவசியமானதல்ல. அதை எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. முந்தின நாளே தெரிந்தால், மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொண்டு, தாலியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக வரலாம். வாசலில் அவசரமாகக் கழற்றச் சொல்லும்போது, அபசகுனம் என்ற கலக்கத்தோடு ஒருவர் மேஜையில் ஏறுகிறார். உடலுக்குள் பேஸ்மேக்கர், கிளிப், கம்பி எது இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

உள்ளே போகும் முன் கேட்டுப் பெறக்கூடியவை பல. முழங்கால் மூட்டையோ காலையோ படமெடுக்கும்போது கால்பக்கமாக உள்ளே போகலாம். தலை வாசலை ஒட்டியே நிற்கும். சில பரிசோதனைகளைக் குப்புறப் படுத்தும் எடுக்க முடியும். தலைக்கூண்டில் கண்ணாடி பொருத்தினால் கால்மாட்டில் இருக்கும் வாசல் தெரியும். கண்ணை மூடுவதானால் மேஜை நகர்வதற்கு முன்பே துணியால் மூடிவிட வேண்டும். உள்ளே போய்ச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு மூடுவதில் பயன் குறைவு. காது அடைப்பான் கட்டாயம்.

எல்லாவற்றிலும் பெரியது கையில் தரும் ரப்பர் பல்பு. “அம்மா, இதை அமுக்கினா அந்த நிமிஷமே நிறுத்திட்டு நான் உள்ள வந்துருவேன். இப்ப ஒரு தடவ அமுக்கிப் பாருங்க” என்று டெக்னீஷியன் சொல்ல அரை நிமிடம் ஆகாது. அப்படி அமுக்கிப் பார்த்து, மணி அடித்து, ஆள் வருவதைக் கண்டவர் பலர், பிறகு பல்பை அமுக்குவதே இல்லை. வெளியேறும் உரிமை கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் அதைப் பயன்படுத்தும் அவசரம் போய்விடுகிறது. “கரண்ட் போயிட்டா உள்ளேயே மாட்டிக்குவோமா?” என்று கேட்கக் கூச்சப்பட்டு அஞ்சுவோருக்கும் பதில் உண்டு: மின்சாரம் இல்லாமலே மேஜையைக் கையால் இழுத்து வெளியே கொண்டுவர ஏற்பாடு இருக்கிறது. இடையிடையே “அடுத்தது நாலு நிமிஷம்” என்று மைக்கில் சொல்வதும் இதே வேலையைச் செய்கிறது. முடிவு தெரியாத அரைமணியைவிட, எண்ணி முடிக்கக்கூடிய நாலு நிமிடங்கள் எளிதானவை.

உலோகச் சோதனை முடித்த உறவினர் ஒருவர் அறைக்குள் நின்று காலைத் தொட்டுக்கொண்டிருக்கப் பல மையங்கள் அனுமதிக்கும். இதை வெறும் ஆறுதல் என்று தள்ள வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் மணமான 16 பெண்கள் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ளேயே படுத்திருந்தார்கள், மின்னதிர்ச்சி வரலாம் என்று அவ்வப்போது அவர்களை எச்சரித்தார்கள். கணவர் கையைப் பற்றியிருந்தபோது, அச்சுறுத்தலுக்கு மூளை காட்டிய எதிர்வினை தணிந்தது. முன்பின் தெரியாதவர் கையைப் பற்றியபோதும் தணிந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

இத்தனைக்கும் பிறகு முடியவில்லை என்றால் மயக்க மருந்து இருக்கிறது. மிடசோலம், லோரசிபம் போன்ற மருந்துகள் பதற்றத்தைத் தணிக்கும். தேவைப்பட்டால் மயக்கவியல் டாக்டர் முழு மயக்கமே தருவார். டாக்டர் எழுதித் தந்து, அவர் சொன்ன நேரம் பட்டினி இருந்து, துணைக்கு ஆளோடு வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையை விழுங்கிவிட்டு வருவது மூச்சையே அடக்கிவிடலாம். மருந்தை நாடுவதில் வெட்கத்துக்கு இடமில்லை. 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தில் சிக்கிய 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் நீரடி இடுக்குகள் வழியே எடுத்துவரும்போது, ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் கீட்டமின் கொடுத்து மயக்கத்தில்தான் அனுப்பினார். அந்த இடுக்கில் பதறினால் சிறுவர்களும் பிழைக்க மாட்டார்கள், மீட்பவர்களும் பிழைக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

முப்பது நாள் முகமூடி

எம்.ஆர்.ஐ. ஒரு நாளோடு முடியும். வாய், தொண்டை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை பெறுபவருக்கு இந்தக் கட்டுண்ட நிலை வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம் நீளும். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் பரவிய நம் நாட்டில் இவர்கள் எண்ணிக்கை சிறியதல்ல. காவிரிப் படுகையிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கும், முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் போவோரில் இவர்களும் உண்டு.

பழைய கோபால்ட் கருவிகளின் கதிர் அகலமாகப் பரவியது. தலை கொஞ்சம் நகர்ந்தாலும் கட்டி அந்தப் பரப்புக்குள்ளேயே இருந்தது; கூடவே உமிழ்நீர்ச் சுரப்பியும் வெந்தது. இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டர் கட்டியின் வடிவத்துக்கே கதிரைச் செதுக்குகிறது. சில மில்லிமீட்டர் பிசகினால் கட்டி தப்பிக்கும், தண்டுவடம் சிக்கும். கதிர் கூர்மையாக ஆக ஆக, தலையை இறுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதற்குத்தான் முகமூடி. துளைகள் நிறைந்த தெர்மோபிளாஸ்டிக் தகட்டைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் இளக்கி, சற்று ஆறவிட்டு, வெதுவெதுப்பாக முகத்தின் மேல் இழுத்துப் படியவைப்பார்கள். சில நிமிடங்களில் மூக்கு, தாடை, நெற்றி அச்சாகிக் கெட்டிப்படும். ஒவ்வொரு நாளும் அந்த அச்சை முகத்தில் வைத்து மேஜையோடு பூட்டுவார்கள். பிறகு எல்லோரும் அறையை விட்டுப் போய்விடுவார்கள்.

ராக்மன் பிரித்த இரண்டு பயங்களில் இங்கே இரண்டாவதன் கை ஓங்குகிறது. துளைகள் வழியே காற்று தாராளமாக வருகிறது, அசையத்தான் வழியில்லை. தொண்டையில் குழாய் போட்டவருக்குக் குரலும் இல்லை. அவருக்குக் கை ஒன்றே மொழி. கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பவர் அந்தக் கை உயர்ந்ததும் கதிரை நிறுத்த முடியும். முதல் நாளே கதிர் இல்லாமல் ஒருமுறை பூட்டி, கையை உயர்த்தச் சொல்லி, உடனே திறந்து காட்டினால் பாதி வேலை முடிந்தது. அச்சு எடுப்பதற்கு முன் தகட்டின் ஒரு துண்டைக் கையில் தந்து தொட்டுப் பார்க்கவைக்கலாம். சிகிச்சைக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் கண்ணுக்கோ வாய்க்கோ நேரே வெட்டித் திறக்கலாம். தோலின் மேற்பரப்பைக் கேமராக்களால் கண்காணிக்கும் வசதியுள்ள இடங்களில் முகம் திறந்த முகமூடியே போதும். பலருக்கு நாள் செல்லச் செல்ல பயம் தணிகிறது. தணியாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் ஒருநாள் சிகிச்சைக்கே வராமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

அறிக்கையில் எழுத வேண்டியது

எந்திரங்கள் மாறிக்கொண்டுதான் வருகின்றன. 0.55 டெஸ்லா புலத்தோடு 80 சென்டிமீட்டர் அகலக் குழாய் வந்துவிட்டது. அதற்கு ஒரு லிட்டருக்கும் குறைவான ஹீலியம் போதும். பெங்களூரின் வாக்ஸல்கிரிட்ஸ் நிறுவனம் திரவ ஹீலியமே வேண்டாத 1.5 டெஸ்லா எந்திரத்தை உருவாக்கியிருக்கிறது. குறைந்த தரவிலிருந்து முழுப் படத்தைக் கணக்கிடும் முறைகளால் உள்ளே கிடக்கும் நேரமும் சுருங்குகிறது. இவை நம் தாலுகா ஊர்களின் ஸ்கேன் மையங்களுக்கு வந்துசேரக் காலம் பிடிக்கும். 60 சென்டிமீட்டர் குழாய்கள் இன்னும் பல ஆண்டு ஓடும்.

அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாதியில் எழுந்து வந்தவரின் தாளில், ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்புவது வழக்கம். அந்த வரியால் அடுத்த மையத்துக்கு எந்தத் தகவலும் போவதில்லை. நோயாளிக்கு அவமானம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்குப் பதிலாக நான்கு விவரங்களை எழுதலாம்: எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினார், அஞ்சியது மூச்சுக்கா கட்டுண்டதற்கா, எந்த நிலையில் படுத்திருந்தார், கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா. அடுத்த முறை அவரைக் கால்பக்கமாக அனுப்புவதா, மருந்து தருவதா, மகளை உடன் நிற்கவைப்பதா என்று தீர்மானிக்க அந்த நான்கு போதும். மையம் எழுதாவிட்டால் நோயாளியே கேட்டு எழுதி வாங்கலாம். சீட்டில் அதற்கு இடம் இருக்கிறது.